கடன் தீர்ப்பது கடமை, கணக்குக் கேட்பது உரிமை

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. கடனைப் பற்றி நமது மிம்பர்களில் பேசப்படும்போது பெரும்பாலும் கடன் பட்டவருக்கே உபதேசம் செய்யப்படுகிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள், வட்டியை நெருங்காதீர்கள் என்ற அந்த உபதேசம் உண்மையானது, அவசியமானதும்கூட. ஆயினும் அது விடயத்தின் ஒரு பாதி மாத்திரமே. ஸூரத்துல் பகராவின் 280 ஆவது வசனம் கடன் கொடுத்தவரை நோக்கிப் பேசுகிறது. கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்றும், விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்றும் அது போதிக்கிறது. அதன் பின்னர் 282 ஆவதாக வருவது அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதப்பட வேண்டிய வாசகத்தைக் கடன் பட்டவரே சொல்ல வேண்டும் என்றும், அவரால் இயலாவிடின் அவரது பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும் அவ்வசனம் விதிக்கிறது.

இன்றைய நிலைமையைச் சிந்தித்துப் பாருங்கள். கடன் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் எழுதுவது கடன் கொடுக்கும் நிறுவனமே. கடன் பட்டவர் காட்டிய இடத்தில் கையொப்பம் இடுகிறார். பல வேளைகளில் தமக்கு விளங்காத மொழியில் இடுகிறார். பின்னர் தவணை தவறும்போது வெட்கத்தினால் கடிதங்களை அலுமாரிக்குள் மறைத்து வைக்கிறார். இறுதியில் ஏல அறிவித்தல் பத்திரிகையில் வரும்போதுதான் பிள்ளைகளுக்கே விடயம் தெரிய வருகிறது. இந்த மௌனத்தை எவ்வாறு கலைப்பது, ஈடு வைத்த வீடு விடயத்தில் வங்கியிடம் எவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்பதையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நமது மாவட்டத்தில் ஒரு வீடு

திருகோணமலை நகரிலும், கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை போன்ற ஊர்களிலும் வீடு என்பது வெறும் சொத்தன்று. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்கென்று கட்டப்படுகிறது. வாப்பா கடலிலும் வயலிலும் துறைமுகத்திலும் உழைத்ததும், உம்மா சிறுகச் சிறுகச் சேமித்ததும், சகோதரன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதும் அந்தச் சுவர்களுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே ஒரு வீடு ஏலத்தில் போனால் ஒரு குடும்பம் குடியிருக்கும் இடத்தை மாத்திரம் இழப்பதில்லை. ஒரு மகளின் வாழ்வுக்கென வைத்த அத்திவாரமும் சேர்ந்தே போய்விடுகிறது.

மேலும், இம்மாவட்டத்தில் அரச உத்தரவுப்பத்திரத்தில் குடியிருப்போர் பலர். அத்தகைய காணியை உறுதிக்காணி போன்று சுதந்திரமாக ஈடு வைக்க இயலாது. எனவே குடும்பத்தில் ஒருவரிடம் தெளிவான உறுதி இருந்தால், எல்லாருடைய தேவைக்கும் அந்த ஒரே உறுதியே வங்கிக்குச் செல்கிறது.

இவ்வூர்கள் சந்தித்த சோதனைகளும் சாதாரணமானவை அல்ல. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் யுத்தத்தினால் இடம்பெயர்ந்து கந்தளாய் வரை சென்றனர். 2020 இல் கொரோனா தொழில்களை முடக்கியது. 2022 இல் நாடே பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் வந்தன. தவணை தவறிய ஒவ்வொருவரையும் ஏமாற்றுக்காரர் என்று முத்திரை குத்துவோர், இந்த ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

வட்டி மாறியபோது என்ன நடந்தது?

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 2023 மார்ச்சில் துணைநில் கடன் வழங்கல் வீதம் 16.5 சதவீதத்தை எட்டியது. 2023 ஜூனிலிருந்துதான் அவ்வீதங்கள் இறங்கத் தொடங்கின.

இதன் விளைவை ஓர் உதாரணக் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 40 இலட்சம் ரூபாவை 15 வருடங்களில் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். வருட வட்டி 12 சதவீதமாயின் மாதத் தவணை ஏறத்தாழ 48,000 ரூபா. அதே தொகைக்கு, அதே காலத்திற்கு, வட்டி 24 சதவீதமாயின் மாதத் தவணை ஏறத்தாழ 82,300 ரூபா. அந்த வீட்டுக்காரர் புதிதாக ஒரு சதமும் கடன் வாங்கவில்லை. பத்திரத்தில் வட்டி மாறக்கூடியது என்று எழுதப்பட்டிருந்த ஒரு வரியே அவரது தவணையை இத்தனை தூரம் உயர்த்தியது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. ஏறும்போது உடனே ஏறிய வட்டி, இறங்கும்போதும் அதே வேகத்தில் இறங்கியதா? உங்கள் கடனுக்கு எந்தத் திகதியில் எந்த வீதம் அறவிடப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டால் மாத்திரமே இதற்கு விடை கிடைக்கும்.

பராட்டே சட்டம் சொல்வது என்ன?

1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க, வங்கிகளினால் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தையே மக்கள் பராட்டே சட்டம் என்று அழைக்கின்றனர். பராட்டே என்பது உரோமன்-டச்சுச் சட்ட மரபிலிருந்து வந்த சொல். வழக்குத் தொடர்ந்து தீர்ப்புப் பெறாமலேயே, ஈடு வைக்கப்பட்ட ஆதனத்தைப் பகிரங்க ஏலத்தில் விற்க வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றலாம் என்பதே இதன் சாரம். வங்கியே வழக்காளியாகவும், வங்கியே தீர்ப்பளிப்பவராகவும் அமைந்துவிடும் அதிகாரம் இது. எனவேதான் சட்டம் அதற்குச் சில வரம்புகளையும் இட்டிருக்கிறது. அவ்வரம்புகளை அறியாதவருக்கு அவற்றால் பயனில்லை.

முதலாவது வரம்பு கடன் தொகையைப் பற்றியது. 2011 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, கடனாகப் பெற்ற முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாயின் இச்சட்டத்தின் கீழ் வங்கி ஏலத்திற்குச் செல்ல முடியாது. இத்தொகையைக் கணக்கிடும்போது சேர்ந்த வட்டியையும் தண்டப்பணத்தையும் கூட்டக்கூடாது. நமது ஊர்களில் குடும்பங்கள் பெறும் வீட்டுக்கடன்களில் பல இந்த எல்லைக்குள் அடங்குபவை. ஆனால் கடனை மறுசீரமைக்கும்போது நிலுவை வட்டியையும் சேர்த்துப் புதிய கடனாக எழுதினால், முதல் என்று காட்டப்படும் தொகை உயர்ந்துவிடக்கூடும். ஆகவே உதவி என்று நீட்டப்படும் புதிய பத்திரத்தையும் வாசித்த பின்னரே கையொப்பம் இடுங்கள்.

இரண்டாவது வரம்பு அறிவித்தலைப் பற்றியது. தீர்மானம் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலத் தினசரிகளிலும் வெளியிடப்பட வேண்டும். அதன் பிரதி கடனாளிக்கு அனுப்பப்பட வேண்டும். ஏலத்தின் திகதி, நேரம், இடம் ஆகியனவும் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் அறிவிக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, ஏலத் திகதிக்கு முன்னர் நிலுவையும் செலவும் செலுத்தப்பட்டால் விற்பனை நடைபெறக் கூடாது. நான்காவதாக, ஏலத்தில் கிடைத்த பணத்தில் கடனும் செலவும் போக எஞ்சியது கடனாளிக்கே உரியது. அதை வங்கி வைத்துக்கொள்ள முடியாது.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். விற்பனை முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்பட்டுவிட்டால், சட்டப்படியே அனைத்தும் நடந்தன என்பதற்கு அச்சான்றிதழே முடிவான சாட்சியாகக் கொள்ளப்படும். எனவே பேச வேண்டிய காலம் ஏலத்திற்கு முந்திய காலமே.

இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்ற அரச வங்கிகளுக்கு அவற்றின் தனிச் சட்டங்களின் கீழும் இத்தகைய அதிகாரம் உண்டு. ஆகவே உங்களுக்கு வந்த கடிதம் எந்தச் சட்டத்தைக் குறிப்பிடுகிறது என்பதை முதலில் பாருங்கள். அதே போன்று, 50 இலட்சத்திற்குக் குறைந்த கடன் என்பதால் வங்கி ஒன்றும் செய்ய முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழோ, 1949 ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டத்தின் கீழோ வங்கி மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். நீதிமன்ற அழைப்பாணையைப் புறக்கணித்தவர், தமது பக்க நியாயத்தைச் சொல்லும் வாய்ப்பைத் தாமே இழந்தவராவார்.

உறுதி யாருடைய பெயரில்?

மருமகனின் வியாபாரத்திற்காக மகளின் வீட்டை ஈடு வைப்பது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. இங்கே கடன் பட்டவர் ஒருவர், வீட்டின் சொந்தக்காரர் இன்னொருவர். 2006 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் வெளியான இராமச்சந்திரன் எதிர் ஹட்டன் நெஷனல் வங்கி என்ற வழக்கில், கடன் பெறாத மூன்றாம் நபர் ஈடு வைத்த ஆதனத்திற்குப் பராட்டே அதிகாரம் செல்லாது என்று உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். கம்பெனியின் கடனுக்குப் பணிப்பாளர் ஈடு வைத்த ஆதனங்கள் பற்றிய வழக்குகளும் பின்னர் நீதிமன்றங்களுக்கு வந்தன. மனைவியும் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பம் இட்டிருந்தால் அவரும் கடனாளியே. எனவே கடன் யாருடைய பெயரில், உறுதி யாருடைய பெயரில், கையொப்பம் எந்தத் தகுதியில் என்ற மூன்றையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டித் தெளிவு பெறுங்கள். பெண்பிள்ளைகளே, உங்கள் பெயரிலுள்ள உறுதியை ஒப்படைக்கும் முன்னர் இம்மூன்றையும் கேட்பது கணவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

வங்கியிடம் எதைக் கேட்பது?

இளைஞர்களே, 282 ஆவது வசனம் குறிப்பிடும் பொறுப்பாளரின் இடத்தில் இன்று நீங்கள் இருக்கிறீர்கள். வாப்பாவினால் வாசிக்க இயலாத கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். பின்னர் அவருடைய கையொப்பத்துடன் வங்கி முகாமையாளருக்குக் கடிதம் எழுதுங்கள். அதில் நான்கு விடயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, கடன் தொடங்கிய நாள் முதல் இன்றுவரையான முழுக் கணக்கறிக்கை. செலுத்திய பணத்தில் முதலுக்குச் சென்றது எவ்வளவு, வட்டிக்குச் சென்றது எவ்வளவு, தண்டப்பணத்திற்குச் சென்றது எவ்வளவு என்பது அதில் தெரிய வேண்டும். இரண்டு, வட்டி வீதம் மாற்றப்பட்ட திகதிகளும் அதற்கு ஆதாரமான ஒப்பந்த வாசகமும். மூன்று, ஈட்டு முறியினதும் கடன் ஒப்பந்தத்தினதும் பிரதிகள். நான்கு, உங்கள் வருமானத்தைக் காட்டி, மாதம் எவ்வளவு செலுத்த இயலும் என்ற உங்கள் முன்மொழிவும், அதற்கு எழுத்தில் பதில் தருமாறு ஒரு வேண்டுகோளும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் சொல்லப்பட்டது காற்றோடு போய்விடும், தாளில் உள்ளதே சாட்சியாக நிற்கும்.

இயலாதபோதும் இயன்றதைச் செலுத்திக்கொண்டே இருங்கள். வசதி இருந்தும் கடனைத் தாமதிப்பது அநியாயம் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. இருப்பதை மறைத்து இல்லையென்று எழுதும் கடிதத்தில் பரக்கத் இராது.

முறையிடும் இடங்கள்

2023 ஆகஸ்டில் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் வெளியிட்டது. நிபந்தனைகளை வாடிக்கையாளருக்குத் தெளிவாக விளக்குதல், கடன் அறவிடும்போது துன்புறுத்தாதிருத்தல், முறைப்பாடுகளை ஒழுங்காக விசாரித்தல் ஆகியன நிதி நிறுவனங்களின் கடமைகள் என அவை வகுத்துள்ளன. தமிழில் விளக்கம் கேட்பது ஒரு சலுகையன்று, அது உங்கள் உரிமை.

முறைப்பாட்டை முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் திருப்தியளிக்காவிடின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று திருகோணமலையிலேயே இருக்கிறது. நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த இயலாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தொழில் நலிவடைந்த வியாபாரிகள், 2024 மார்ச்சில் மத்திய வங்கி பணித்தவாறு வங்கிகளில் அமைக்கப்பட்ட வணிகப் புத்துயிர்ப்புப் பிரிவுகளில் விண்ணப்பிக்கலாம்.

கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சாட்சி. நெருக்கடியில் சிக்கிய சிறு, நடுத்தர முயற்சியாளர்கள் தொடர்ந்து குரல் எழுப்பியதன் பின்னர், 2024 இல் பராட்டே நடவடிக்கைகள் அவ்வாண்டு டிசம்பர் 15 வரை சட்டத்தினால் இடைநிறுத்தப்பட்டன. பின்னர் அது 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. அத்தவணையும் கடந்துவிட்டது. அவகாசம் என்பது கடன் தள்ளுபடி அன்று. அதற்குள் வங்கியுடன் பேசி உடன்பாடு கண்டவருக்கே அது பயன் தந்தது.

பிற நாடுகளிலிருந்து இரு பாடங்கள்

இந்தியாவில் 2002 இல் சர்ஃபேசி சட்டம் நமது பராட்டேயைப் போன்ற அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்கியது. ஆயினும் அங்கே 60 நாள் முன்னறிவித்தல் தேவை. கடனாளி தீர்ப்பாயத்தை நாடுவதற்கு முன் கேட்கப்பட்ட தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும் என்றிருந்த விதியை, 2004 இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. கடனாளியின் ஆட்சேபனைக்கு வங்கி காரணத்துடன் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் அதன் பின்னர் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

அமெரிக்காவில் 2008 நெருக்கடியின் பின்னர் இலட்சக்கணக்கானோர் வீடுகளை இழந்தனர். கணக்கைச் சரிபார்க்காமலே வங்கி அலுவலர்கள் ஆயிரக்கணக்கான சத்தியக் கடதாசிகளில் கையொப்பம் இட்டமை 2010 இல் அம்பலமாயிற்று. அதன் விளைவாக ஐந்து பெரிய வங்கி நிறுவனங்கள் 2012 பெப்ரவரியில் 49 மாநிலங்களுடன் ஏறத்தாழ 2,500 கோடி டொலர் பெறுமதியான இணக்கத்திற்கு வர நேர்ந்தது. அவ்வளவு பெரிய நிறுவனங்களைப் பதில் சொல்ல வைத்தது, அவற்றின் தாள்களை யாரோ பொறுமையாக வாசித்துப் பார்த்ததேயாகும்.

வட்டிக்கு வாங்கியவருக்காகப் பேசலாமா?

வட்டிக்குக் கடன் வாங்கியவர் அதன் பலனை அனுபவிக்கட்டும் என்று சிலர் கூறுவதுண்டு. வட்டி ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒருவர் தவறியதால் அவருக்கு அநீதி இழைப்பது ஆகுமானதாகி விடாது. 280 ஆவது வசனம் இறங்கிய இடத்தைக் கவனியுங்கள். வட்டியைக் கைவிடச் சொல்லும் வசனங்களைத் தொடர்ந்தே அது வருகிறது. வட்டிக் கொடுக்கல் வாங்கலில் இருந்தவர்களின் கணக்கைத் தீர்க்கும்போதே, இரு தரப்பிலும் அநீதி கூடாது என்றும் கஷ்டப்பட்டவருக்கு அவகாசம் வேண்டும் என்றும் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இத்தகைய பேச்சுக்கு அஞ்சித்தான் பலர் பள்ளிவாசலுக்குக்கூட விடயத்தைச் சொல்லாமல் வீட்டை இழக்கின்றனர். இஸ்லாமிய முறையில் வீட்டு வசதி பெற்றோரும் பத்திரத்தை வாசிக்கும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர் அல்லர். ஈடு அங்கும் உண்டு.

ஜமாஅத்தின் பொறுப்பு

கடனுடன் மரணித்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தத் தயங்கினார்கள். அபூ கதாதா (ரழி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். இச்சம்பவத்தைக் கடனாளியை அச்சுறுத்துவதற்கு மாத்திரம் நாம் சொல்கிறோம். பொறுப்பேற்க ஒருவர் எழுந்து நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுக் கூட்டத்தாருள் கடனில் மூழ்கியோரும் அடங்குவர் என்பது ஸூரத்துத் தவ்பாவின் 60 ஆவது வசனம் தரும் சட்டமாகும். பைத்துல் ஸகாத் நிர்வாகிகள் இப்பங்கை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் மாதம் ஒருமுறை, கடிதம் வாசிக்கத் தெரிந்த ஒருவரும் கணக்குத் தெரிந்த ஒருவரும் அமர்ந்து, வருவோரின் இரகசியம் காத்து வழிகாட்டினால் எத்தனையோ வீடுகளைக் காக்கலாம். ஏல விலை மலிவு என்று அயலவரின் வீட்டை வாங்க முந்துவோர், அந்த வீட்டுக்காரருக்கு அவகாசம் பெற்றுக்கொடுக்க முந்தினோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

பெற்றோர்களே, கடனைப் பிள்ளைகளிடம் மறைப்பதால் அவர்களைக் காப்பாற்றியவர்கள் ஆகமாட்டீர்கள். இளைஞர்களே, அக்கடனை அறிந்த பின்னர் பெற்றோரை ஏசாதீர்கள். வந்த கடிதங்களைத் திகதி வரிசையில் அடுக்கி, முதலாவது கடிதத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். வாங்கியதைத் தீர்க்கும் நேர்மையும், அநீதியைக் கண்டால் கணக்குக் கேட்கும் துணிவும் ஒரே ஈமானிலிருந்தே பிறக்கின்றன.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கடனின் சுமையிலிருந்தும் மனிதரின் அடக்குமுறையிலிருந்தும் காத்தருள்வானாக! கொடுத்தவருக்கு இரக்கத்தையும், பட்டவருக்கு நாணயத்தையும், நம் ஊர்களுக்கு நீதியையும் நல்குவானாக! ஆமீன்.